அப்பாயி இரண்டு தரம் விழுந்துவிட்டார்: லயத்து வீட்டில் முதலில் எதை மாற்றுவது?

கொழும்பில் வேலை பார்க்கும் நீங்கள் கேட்டிருப்பது இது. பொகவந்தலாவைப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில் (ஒரே கூரையின் கீழ் வரிசையாக உள்ள வீடுகளில்) இருக்கும் உங்கள் அப்பாயிக்கு, அதாவது அப்பாவின் அம்மாவுக்கு, 74 வயது. பிரஷருக்கும் சீனி வருத்தத்துக்கும் மருந்து எடுக்கிறார். இந்த வருடம் இரண்டு தரம் விழுந்துவிட்டார்: ஒரு தரம் வாசலில் தண்ணீர் ஓடும் கான் ஓரத்தில், ஒரு தரம் இரவில் காம்பராவுக்கு (அறைக்கு) உள்ளேயே. எலும்பு எதுவும் உடையவில்லை. தீபாவளிக்கு வீட்டுக்குப் போகும்போது கையில் இருக்கும் காசில் தரைக்கு டைல்ஸ் போட்டுவிடலாமா, இல்லாவிட்டால் கொழும்புக்கே கூட்டி வந்துவிடலாமா?

டைல்ஸ் வேண்டாம். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிள்ளைகள் ஆசையாய்ச் சேர்த்த காசு பெரும்பாலும் அதில்தான் போய் முடிகிறது. பொகவந்தலாவைப் பக்கம் மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை. அதற்குப் பிறகும் சாரலும் மூடுபனியும் விடுவதில்லை. வெளியே போய் வருகிற ஒவ்வொரு காலும் ஈரத்தோடுதான் உள்ளே வரும். வழுவழுப்பான டைல்ஸில் அந்த ஈரம் இருந்தால் இளவயதுக்காரருக்கே கால் நிற்காது. தீபாவளிக்கு முதல் சீமெந்துத் தரைக்குச் சிவப்புப் பொலிஷ் போட்டுத் தேங்காய் மட்டையால் மினுக்கும் பழக்கத்தையும் இந்த வீட்டில் இனி விட்டுவிடுங்கள். தரை குழி விழுந்து கிடந்தால் குழிகளை மட்டும் சீமெந்தால் அடைத்து, காய்வதற்கு முன் விளக்குமாற்றால் மேலாகக் கோடு இழுத்து விடச் சொல்லுங்கள். மேசனுக்கு அழகாகத் தெரியாது. ஆனால் கால் பிடிக்கும்.

நான் பிசியோதெரபிஸ்ட். மலையகத்து வைத்தியசாலைகளில் இடுப்பெலும்பு உடைந்து வந்தவர்களைத் திரும்ப எழுப்பி நடக்க வைப்பதுதான் என் வேலையில் பெரும்பகுதி. வாட்டில் பக்கத்தில் உட்கார்ந்ததும் “எங்க போகப்போய் விழுந்தீங்க?” என்றுதான் கேட்பேன். கக்கூசுக்கு, தண்ணீர் பிடிக்கும் பீலிக்கு, விறகு எடுக்க, கோழியை அடைக்க, பேரப்பிள்ளை அழுதது கேட்டு அடுப்படியிலிருந்து ஓடி வர. ஏறக்குறைய எல்லாப் பதிலும் தினமும் பல தரம் நடக்கிற ஒரு வழியாகத்தான் இருக்கும். செங்குத்தான மலையில் கொழுந்துக் கூடையோடு முப்பது, நாற்பது வருடம் ஏறி இறங்கிய பெண்கள் இவர்கள். மலையில் ஒவ்வொரு அடியையும் பார்த்து வைத்தார்கள். சொந்த வாசலில் யாரும் பார்த்து நடப்பதில்லை, கால் தானாகப் போகிறது. வயதாக ஆகக் கண்ணும் காலும் மாறிவிடுகின்றன, வழி மட்டும் பழையபடியே கிடக்கிறது.

அதனால் வீடு முழுவதையும் திருத்தப் பார்க்க வேண்டாம். அப்பாயி நடக்கும் இரண்டு மூன்று வழிகளைப் பிடியுங்கள். வீட்டுக்குப் போன முதல் நாள் எதையும் வாங்காமல், எதையும் நகர்த்தாமல், அவர் பின்னாலேயே நடந்து பாருங்கள். பகலில் ஒரு தரம், இரவில் அவர் எழும்பும் நேரத்தில் ஒரு தரம். எங்கே சுவரைத் தொடுகிறார், எங்கே ஒரு நொடி தயங்குகிறார், எங்கே பக்கவாட்டாய்த் திரும்பி இறங்குகிறார் என்று கவனியுங்கள். அவர் கை எந்த இடத்தில் பிடிக்கத் தேடுகிறதோ அந்த இடத்தில்தான் கம்பி வர வேண்டும்.

இந்த வேலைக்குப் பலன் உண்டா என்று சந்தேகம் வரலாம். வீட்டு ஆபத்துகளைக் குறைப்பது பற்றி உலகில் நடந்த ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்த கொக்ரேன் மீளாய்வு 2023இல் வெளிவந்தது. மொத்தமாகப் பார்த்தால் விழுவது 26 சதவீதம் அளவில் குறைந்திருந்தது. ஏற்கனவே விழுந்தவர்கள், அன்றாட வேலைக்குத் துணை தேவைப்படுகிறவர்கள் போன்றோரிடம் 38 சதவீதம் அளவில் குறைந்திருந்தது. ஆபத்து குறைவாக இருந்தவர்களிடம் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. உங்கள் அப்பாயி இரண்டு தரம் விழுந்தவர். செலவழிக்கிற காசுக்கு நல்ல பலன் கிடைப்பது இவரைப் போன்றவர்களிடம்தான். 65 வயதைத் தாண்டியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் வருடத்தில் ஒரு தரமாவது விழுகிறார் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதனால் “வயசானா விழத்தான் செய்வாங்க” என்று பக்கத்துக் காம்பராவில் யாராவது சொன்னால், அதை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். மூன்றில் இரண்டு பேர் விழுவதில்லை.

இரவு வழியிலிருந்து தொடங்குவோம், ஏனென்றால் பழைய லயங்களில் எனக்கு அதிகம் பயம் தருவது அதுதான். கட்டில் காம்பராவில், கக்கூஸ் வெளியே. லயத்தின் கோடியிலோ கரைக்கு மேலே நான்கு படி ஏறியோ இருக்கும். சீனி வருத்தம் உள்ளவர் இரவில் இரண்டு மூன்று தரம் எழும்புவார். குளிருக்குக் கம்பளியைச் சுற்றிக்கொண்டு, இருட்டில் கதவு நாதாங்கியைத் தேடி, நிலைப்படியைத் தாண்டி, இஸ்தோப்பை (வெளித் திண்ணையை) கடந்து, மழையில் வெளியே போக வேண்டும். இதைத் திருத்துவதை விட இரவில் மட்டும் அந்த வழியையே இல்லாமல் செய்துவிடுவது நல்லது. உட்கார்ந்தபடியே மலசலம் போகக்கூடிய கொமட் கதிரை ஒன்று கட்டில் பக்கத்தில் இருந்தால் போதும். மருந்துக் கடைகளிலும் வைத்திய உபகரணக் கடைகளிலும் கிடைக்கும். நடுவில் ஓட்டை வெட்டிய உறுதியான மரக் கதிரையும் கீழே மூடியுள்ள வாளியும் வைத்தாலும் வேலை நடக்கும். பிளாஸ்டிக் கதிரையை வெட்டாதீர்கள், பலம் போய் உடையும்.

அப்பாயி உடனே சம்மதிக்க மாட்டார். வீட்டுக்குள் மலசலம் போவதா, சாமிப்படம் இருக்கிற காம்பராவில் வாளியா என்பார். இந்தக் கூச்சத்தை லேசாக எடுக்காதீர்கள், அதட்டவும் வேண்டாம். கதிரையைச் சாமிப்படத்துக்கு எதிர்மூலையில் வைத்து, முன்னால் ஒரு பழைய சேலையைத் திரையாகக் கட்டிக் கொடுங்கள். விடிந்ததும் வாளியைக் கழுவுவது யார் என்று அவருக்கு முன்னாலேயே பேசித் தீர்மானியுங்கள். மருமகள் கழுவ வேண்டி வருமே என்ற சங்கடத்தில்தான் பல பேர் இருட்டில் வெளியே போகிறார்கள், வாயைத் திறந்து சொல்வதில்லை. மழை இரவுகளுக்கு மட்டும் என்று சொல்லித் தொடங்கினால் பெரும்பாலானவர்கள் ஒத்துக்கொள்கிறார்கள், அப்புறம் அது பழகிவிடும்.

வெளிச்சம் அடுத்தது. லயத்துக் காம்பராவில் நடுவில் ஒரு பல்ப், சுவிட்ச் கதவோரம், சுவரெல்லாம் அடுப்புப் புகையில் கறுத்திருக்கும். கட்டிலிலிருந்து கை நீட்டினால் எட்டும் இடத்தில் ஒரு சுவிட்ச் வேண்டும். காற்றுக்கும் மழைக்கும் கரண்ட் போகிற ஊர் என்பதால் சார்ஜ் ஆகும் பல்ப் ஒன்றும் போடுங்கள். டோர்ச் லைட்டைத் தலையணைக்கு அடியில் வைப்பதை விடக் கயிறு கட்டிக் கட்டில் காலில் தொங்க விடுவது நல்லது, தேட வேண்டியதில்லை. கட்டிலுக்கும் கதவுக்கும் இடையில் சாக்கு, அரிசி மூட்டை, பேரப்பிள்ளையின் பை, சார்ஜர் வயர் எதுவும் கிடக்கக்கூடாது. கால் துடைக்கப் போட்டிருக்கும் சாக்கின் ஓரம் சுருண்டு, அதில் தடுக்கி விழுந்தவர்கள் பல பேர். குளிருக்கு மேசு (காலுறை) மட்டும் போட்டுக்கொண்டு சீமெந்துத் தரையில் நடப்பதும் வழுக்கும். குதிகாலில் பட்டி உள்ள, அடி தேயாத செருப்பு வீட்டுக்குள் போட ஒரு சோடி, வெளியே போட ஒரு சோடி வாங்குங்கள். அடி வழுவழுவென்று தேய்ந்த ரப்பர் செருப்பைக் கண்டால் கேட்காமல் அடுப்பில் போட்டுவிடலாம் என்றுதான் எனக்குத் தோன்றும்.

பகல் வழியில் கானும் படியும்தான் ஆபத்து. கூரைத் தண்ணீர் ஓடும் கானுக்கு மேலே ஒரு பலகையோ கல்லோ போட்டிருப்பார்கள். பலகை ஆடும், பாசி பிடிக்கும். முடிந்தால் இரண்டரை, மூன்று அடி அகலத்தில் ஒரு சீமெந்துத் தட்டு போடுங்கள். பல வீடுகளில் டைல்ஸுக்குப் போகும் காசில் சின்னப் பங்குதான் இதற்குத் தேவைப்படும். இப்போதைக்கு முடியாவிட்டால் பலகையை இரண்டு பக்கமும் அசையாமல் இறுக்கி, அதன் மேல் கம்பி வலையை இழுத்து ஆணி அடித்து விடுங்கள். சாக்கு போடாதீர்கள், நனைந்தால் அதுவே வழுக்கும்.

படிகளில் முக்கியம் உயரம் ஒரே மாதிரி இருப்பது. ஆறு அங்குலப் படி நான்கு, பிறகு ஒன்பது அங்குலத்தில் ஒன்று என்று இருந்தால் அந்த ஐந்தாவதில்தான் கால் ஏமாறும். இறங்கும்போதுதான் அதிகம் விழுகிறார்கள், அதுவும் கடைசிப் படியைத் தரை என்று நினைத்துவிடுவதால். ஒவ்வொரு படியின் ஓரத்திலும் இரண்டு அங்குல அகலத்துக்கு வெள்ளை அல்லது மஞ்சள் பெயின்ட் அடியுங்கள். கண்ணில் புரை இருப்பவருக்கு மூடுபனியில் அந்தக் கோடு பெரிய உதவி. பாசிக்குப் புளீச்சிங் பவுடரும் முரட்டுத் தூரிகையும் போதும், ஆனால் மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு தரமாவது தேய்க்க வேண்டும். வீட்டில் இருக்கும் இளம் பிள்ளை ஒருவரின் பொறுப்பில் அதை விட்டுவிட்டு வாருங்கள்.

கைப்பிடிக்கு ஒன்றரை அங்குல ஜீ.ஐ. பைப், அடி கொங்கிரீட்டில் நிற்க வேண்டும். உயரத்தை அப்பாயியின் உடம்பிலேயே அளக்கலாம். செருப்போடு நிமிர்ந்து கையைத் தொங்கவிட்டு நிற்கச் சொல்லுங்கள், மணிக்கட்டு மடிப்பு வரும் உயரம் அளவாக இருக்கும். அதற்குச் சற்று மேலே இருந்தாலும் பரவாயில்லை, கீழே இருக்கக்கூடாது. கடைசிப் படியைத் தாண்டி ஒரு அடி நீளம் கைப்பிடி நீண்டிருக்கட்டும். கயிறு கட்டிக் கொடுப்பதைப் பார்த்திருக்கிறேன். அது ஆடும், ஆடுகிற பிடி விழுகிறவரைத் தாங்காது. ஊன்றுகோல் உயரத்துக்கும் இதே மணிக்கட்டுக் கணக்குத்தான். அடியில் ரப்பர் இல்லாத கோலை ஈரப் படியில் ஊன்றுவது கோல் இல்லாமல் நடப்பதை விட மோசம். வலிக்கும் முழங்காலுக்கு எதிர்ப்பக்கக் கையில் கோலைப் பிடிக்க வேண்டும். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது கோலும் வலிக்கும் காலும் முதலில். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தர் இருப்பார், ஊன்றுகோல், நடைச் சட்டம் பற்றி அவரிடம் கேட்டுப் பாருங்கள்.

பகலில் கக்கூசில் குந்தி எழும்புவது முழங்கால் தேய்ந்தவருக்குப் பெரும்பாடு. குந்தும் இடத்துக்கு மேலே வைக்கக்கூடிய கால் உயர்ந்த கொமட் சட்டம் கிடைக்கிறது. பக்கச் சுவரில் ஒரு கம்பியும் பதியுங்கள். தண்ணீர் வாளி கை எட்டும் உயரத்தில் இருக்கட்டும்.

இவ்வளவு செய்தாலும் பாதி வேலைதான், ஏனென்றால் விழுவது வீட்டால் மட்டும் வருவதில்லை. அப்பாயி காம்பராவுக்குள் விழுந்தது இரவில், படுக்கையிலிருந்து எழும்பிய உடனேயா? அதைக் கட்டாயம் கேளுங்கள். எழும்பி நின்றதும் இரத்த அழுத்தம் சட்டென்று இறங்கி, கண் இருண்டு விழுகிறவர்கள் உண்டு. பிரஷர் குளிசைகளில் சிலவும், இரவு நித்திரைக் குளிசையும், தடிமலுக்கு எடுக்கும் பிரிட்டோன் போன்ற தூக்கம் வரும் மருந்துகளும் இதைக் கூட்டும். கிளினிக்குக்குப் போகும்போது நீங்களும் கூடப் போங்கள். எல்லா மருந்தையும், கடையில் தானாக வாங்கியதையும் சேர்த்து, ஒரு பையில் போட்டுக் கொண்டு போங்கள். படுத்திருக்கும்போது ஒரு தரம், எழும்பி நின்று மூன்று நிமிடத்துக்குள் ஒரு தரம் பிரஷர் பார்க்கச் சொல்லுங்கள். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் டொக்டர் மருந்தை மாற்றி யோசிப்பார். சலம் போக்கும் குளிசை இருந்தால் எந்த நேரத்தில் எடுப்பது என்றும் கேளுங்கள், பெரும்பாலும் அதைக் காலையில் எடுப்பதுதான் நல்லது. நீங்களாக எதையும் நிறுத்திவிடாதீர்கள். வீட்டில் செய்யக்கூடியது, எழும்பியதும் கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்கார்ந்து பாதத்தை மேலும் கீழும் ஆட்டிவிட்டு நிற்பது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் குடிக்கும் பிளேன்டீயைப் பின்னேரத்துக்கு மாற்றினால் எழும்புகிற தடவையும் குறையலாம். அதற்காகப் பகலில் தண்ணீரைக் குறைக்க விடாதீர்கள்.

சீனி வருத்தம் பல வருடம் இருந்தால் பாதத்தில் உணர்வு மங்கும். கல்லை மிதிக்கிறோமா, கான் விளிம்பை மிதிக்கிறோமா என்று கால் சொல்லாது. கண்ணை மூடச் சொல்லி, பெருவிரலைப் பஞ்சால் தொட்டால் தெரிகிறதா என்று பாருங்கள். தெரியாவிட்டால் கிளினிக்கில் சொல்லுங்கள். கண்ணில் புரை இருந்தால் சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போட வேண்டாம். அது இலங்கையில் அரசாங்க வைத்தியசாலைகளில் நடக்கிறது, முதல் கண்ணுக்குச் செய்தாலே விழுவது குறைகிறது.

இப்போது நான் மிகவும் அக்கறையோடு சொல்ல விரும்புவதற்கு வருகிறேன். ஒரு தரம் விழுந்ததும் பிள்ளைகள் பாசத்தில் செய்வது, “நீங்க ஒண்ணும் செய்ய வேணாம், சும்மா உக்காருங்க” என்று அவரை ஒரு கதிரையில் உட்கார வைத்துவிடுவது. சில மாதத்தில் தொடைத் தசை வற்றிவிடும், எழும்புவதற்கே ஆள் தேவைப்படும், அடுத்த தரம் விழும்போது தாங்கிக்கொள்ளக் காலில் எதுவும் இருக்காது. நடக்கிறவரை நிறுத்தாதீர்கள். அடுப்படிக்குப் போகட்டும், கீரைப் பாத்திக்குப் போகட்டும், கோயிலுக்குப் போகட்டும். ஈர மலையில் தலையில் விறகுக் கட்டோடு இறங்குவதை மட்டும் நிறுத்துங்கள்.

அதோடு காலுக்குப் பயிற்சி கொடுங்கள். சுவரில் சாய்த்த உறுதியான கதிரையில் உட்கார்ந்து, முடிந்தால் கை ஊன்றாமல், பத்துத் தரம் எழும்பி உட்காருவது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்தி இறக்குவது. அதே கம்பியைப் பிடித்தபடி ஒரு பாதத்துக்கு முன்னால் மறு பாதத்தை ஒட்டி வைத்துப் பத்து எண்ணும் வரை நிற்பது. முதல் வாரங்களில் பக்கத்தில் யாராவது நிற்க வேண்டும். வாரத்தில் மூன்று நாளாவது செய்து, மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டு போக வேண்டும். சமநிலைக்கும் தசைக்கும் சேர்த்துச் செய்யும் இப்படிப்பட்ட பயிற்சிகள் விழுவதை ஏறக்குறைய 34 சதவீதம் குறைப்பதாக 2019இல் வந்த இன்னொரு கொக்ரேன் மீளாய்வு காட்டியது. வயதானவர்களுக்கு இது சலிக்கும். பக்கத்துக் காம்பராப் பாட்டிகள் இரண்டு பேரையும் சேர்த்து இஸ்தோப்பில் கதை பேசிக்கொண்டே செய்ய வைத்தால் தொடர்ந்து நடக்கும். கையில் இருக்கிற காசுக்கு ஏற்றபடி முட்டை, நெத்தலி, பருப்பு என்று புரதமும் சேர வேண்டும். பிளேன்டீயும் ரொட்டியும் மட்டும் தசையை வளர்க்காது.

திரும்ப விழுந்தால் என்ன செய்வது என்றும் அப்பாயிக்கு இப்போதே சொல்லிக் கொடுங்கள். உடனே எழும்பப் பார்க்காமல் ஒரு நிமிடம் கிடந்து, வலி எங்கே என்று பார்க்க வேண்டும். வலி இல்லாவிட்டால் பக்கவாட்டில் புரண்டு, முழங்கையை ஊன்றி, நான்கு காலில் தவழ்ந்து கட்டிலருகே போய், பலமான காலை முன்னால் வைத்து எழும்பித் திரும்பி உட்கார வேண்டும். முடியாவிட்டால் எட்டுகிற கம்பளியை இழுத்துப் போர்த்திக்கொண்டு சுவரைத் தட்ட வேண்டும். மலைக்குளிரில் தரையில் மணிக்கணக்காகக் கிடப்பதே தனி ஆபத்து. லயத்தில் இருக்கிற ஒரு நன்மை இது: நடுச்சுவர் மறுபக்கத்துக் குடும்பத்துக்கும் சொந்தம், தட்டினால் கேட்கும். தனிக் காணியில் தனித்தனியாய்க் கட்டிக் கொடுக்கும் புது வீடுகளில் அது இல்லை. அங்கே இருப்பவர்களுக்குக் கழுத்தில் ஒரு விசில் கட்டிக் கொடுக்கச் சொல்வேன்.

ஒரு கால் குட்டையாகி, பாதம் வெளிப்பக்கம் திரும்பி, இடுப்பிலோ அடித்தொடையிலோ வலி எடுத்து நிற்க முடியாமல் இருந்தால் இடுப்பெலும்பு உடைந்திருக்கும் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். எண்ணெய் போட்டு உருவ விடாதீர்கள், எழுப்பி நடத்திப் பார்க்காதீர்கள். 1990 சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிடுங்கள், அது இலவசம். ரோட்டு வரை தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தால் முதுகில் சுமக்காமல், பலகை அல்லது பெஞ்சில் படுக்க வைத்து, இரண்டு காலையும் சேர்த்துக் கட்டித் தூக்குங்கள். ஒன்று கவனம்: எலும்பில் கீறல் மட்டும் விழுந்தவர் சில நாள் நொண்டியபடி நடப்பதும் உண்டு. விழுந்த பிறகு வலி ஓரிரு நாளில் குறையாவிட்டால் எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். தலை அடிபட்டு, அவர் ஆஸ்பிரின் அல்லது இரத்தம் உறையாமல் இருக்க எடுக்கும் வேறு மருந்தில் இருந்தால், காயமே தெரியாவிட்டாலும் அன்றே வைத்தியசாலைக்குக் கூட்டிப் போங்கள். தலைக்குள் மெல்லக் கசியும் இரத்தம் வாரக்கணக்கில் கழித்தும் தலைவலி, தூக்கக் கலக்கம், தடுமாற்றம் என்று வெளிப்படலாம்.

சரி, கொழும்புக்குக் கூட்டி வருவது. பாதுகாப்புக்காக மட்டும் என்றால் நான் அவசரப்பட மாட்டேன். பழகின காம்பராவில் இருட்டிலும் அவர் கைக்குக் கட்டில் எங்கே, கதவு எங்கே என்று தெரியும். உங்கள் வீட்டில் டைல்ஸ் தரை, புதுக் குளியலறை, தெரியாத சுவிட்ச், பகலெல்லாம் நீங்கள் வேலைக்குப் போன பிறகு பேச ஆளில்லை. கீரைப் பாத்தியும் கோயிலும் இல்லாமல் ஒரு கதிரையில் உட்கார்ந்துவிடுவார். அவரே வர விரும்பினால், அல்லது தோட்டத்தில் இரவில் கூட இருக்க யாருமே இல்லாவிட்டால், கூட்டி வாருங்கள். வருவதற்கு முன்பே குளியலறைச் சுவரில் கம்பி பதித்து, வழுக்காத ரப்பர் விரிப்புப் போட்டு, அதன் கதவை அவசரத்துக்கு வெளியிலிருந்தும் திறக்க முடிகிறதா என்று பாருங்கள். கொமட் கதிரையையும் கூடவே கொண்டு வாருங்கள். முதல் இரண்டு வாரம் இரவில் அவருடைய அறையிலேயே யாராவது படுத்துக்கொள்ளுங்கள்.